மதுரையில சில்லுன்னு இருந்த மண்பானை சென்னையில ஏன் குளிர மாட்டேங்குது? சயின்ஸ் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வைகைக்கரை_அப்பா:
எல்லாருக்கும் வணக்கம். போன ஜூன்ல மாத்தலாகி மதுரையில இருந்து சென்னை வந்தோம், திருவான்மியூர் பக்கம் மூணாவது மாடி வீடு. வரும்போது அம்மா குடுத்த மண்பானையை பழைய சேலையில சுத்தி மடியிலயே வச்சு கொண்டு வந்தேன், மானாமதுரையில வாங்கினது, ஆறேழு வருஷமா அந்தத் தண்ணிதான் குடிச்சோம். மதுரையில மத்தியானம் வெயில் கொளுத்தும்போது திண்ணையில இருக்கிற பானையில ஒரு சொம்பு மொண்டு குடிச்சா நெஞ்சுக்குள்ள இறங்குறது தெரியும். இங்க இந்த ஏப்ரல்ல எடுத்து கழுவி ஊற வச்சு தண்ணி ஊத்தினா, குழாயில பிடிச்ச தண்ணி மாதிரிதான் இருக்கு. பானை வீணாப் போச்சு, வேற வாங்கலாம்னு வீட்டுல சொல்றாங்க.

பொண்ணு பத்தாவது போகப் போறா. "ஆவியாதல் குளிர்ச்சியை உண்டாக்கும்"னு புக்ல ஒரு வரி இருக்கு, அதைக் காட்டி விளக்கப் பார்த்தேன். அவ கேக்குறா, சென்னையிலயும் வெயில்தானேப்பா, அப்ப இங்கயும் ஆவியாகணும்ல, ஒரே பானை, ஒரே மாதிரி தண்ணி, என்ன மாறுச்சு? எனக்குப் பதில் சொல்லத் தெரியல. அளந்து வேற பார்த்துட்டா, கண்ணாடி தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிக் குடுத்திருந்தேன், அடுப்படி 33 டிகிரி, பானைத் தண்ணி 30 டிகிரி. மூணு டிகிரிதான் வித்தியாசம்.

குயவர்_வீட்டுப்_பேரன்:
அண்ணே பானை மேல பழியப் போடாதீங்க. எங்க தாத்தா சக்கரத்துல உக்காந்தவரு, தண்ணிப் பானைக்குக் களிமண்ணோட மணலு கலந்து மிதிச்சுத்தான் வனைவாரு, சுட்டதும் அந்த மண்ணுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத துளை ஆயிரக்கணக்குல நிக்கும். தண்ணி அது வழியா மெல்ல வெளிய கசிஞ்சு வரணும். "பானை வேர்க்காட்டி தண்ணி குளிராது"ன்னு எங்க அம்மாச்சி சொல்லும். உங்க பானை வெளிப்பக்கம் கையை வச்சுப் பாருங்க, ஈரமா இருக்கா? காஞ்சு கெடக்கா? அதைச் சொல்லுங்க முதல்ல. அப்புறம் யாராச்சும் அழகுக்காக பெயின்ட் அடிச்சீங்களா? இப்ப கடையில கோலம் போட்டு வார்னிஷ் பூசி விக்கிறான், அது பூத்தொட்டிக்குத்தான் ஆகும், துளையெல்லாம் அடைஞ்சுரும்.

வைகைக்கரை_அப்பா:
பெயின்ட் எதுவும் இல்ல தம்பி. வெளிய நல்லா ஈரமா இருக்கு, கீழ தட்டுல தண்ணி கூட தேங்குது. மதுரையில தட்டுல இவ்ளோ தேங்கினதே இல்ல, அதான் ஓட்டை விழுந்துருச்சோன்னு பயந்தேன்.

நாட்டுமருந்து:
களிமண்ணுக்கு இயற்கையிலயே குளிர்ச்சி குணம் உண்டுங்க, பூமியோட குளிர்ச்சி அது. மூணாவது மாடியில தரையில இருந்து தள்ளி வச்சா எப்படி குளிரும்? கீழ மணல் பரப்பி அதுல வைங்க.

பிசிக்ஸ்_டீச்சர்_திருச்சி:
மணல் பரப்புறது நல்ல யோசனைதாங்க, ஆனா காரணம் வேற. மணல்ல தண்ணி தெளிச்சு வச்சா அந்த ஈரமும் ஆவியாகும், அதனால குளிரும். மண்ணுக்குன்னு தனியா குளிர்ச்சி கிடையாது, காஞ்ச பானையைத் தொட்டுப் பாருங்க, அந்த ரூம்ல இருக்கிற சூடுதான் அதுலயும் இருக்கும்.

அந்த அப்பா சொன்னதுலயே விடை இருக்கு. தட்டுல தண்ணி தேங்குதுன்னாரு பாருங்க. மதுரையில கசிஞ்ச தண்ணி தட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே காத்துல போயிடுச்சு, சென்னையில போக வழியில்லாம வழிஞ்சு கீழ இறங்குது. பானை ரெண்டு ஊர்லயும் ஒரே வேலையைத்தான் செய்யுது, காத்துதான் வேற.

கொஞ்சம் விளக்கமா சொல்றேன், பொண்ணையும் படிக்கச் சொல்லுங்க. தண்ணிக்குள்ள மூலக்கூறு எல்லாம் ஒரே வேகத்துல ஓடுறதில்ல, சிலது மெதுவா, சிலது படுவேகமா. மேற்பரப்புல இருக்கிற வேகமானதுதான் பக்கத்துல இருக்கிறதோட பிடியை அத்துக்கிட்டு காத்துக்குள்ள பாயும். வேகமானது எல்லாம் போயிட்டா மிச்சம் இருக்கிறதோட சராசரி வேகம் குறையும், சராசரி வேகம் குறைஞ்சா வெப்பநிலை குறைஞ்சதுன்னு அர்த்தம். இதுக்குக் கொதிக்கணும்னு அவசியமே இல்ல, 30 டிகிரியிலயும் நடக்கும், 5 டிகிரியிலயும் நடக்கும். கொதிக்கிறப்ப தண்ணி முழுக்க உள்ளேயிருந்து குமிழ் வருது, ஆவியாகுறப்ப மேல்பரப்புல மட்டும், அவ்ளோதான் வித்தியாசம்.

இப்ப கணக்கு. சாதாரண வெப்பநிலையில 1 கிராம் தண்ணி ஆவியாக சுமார் 2.4 கிலோ ஜூல் வேணும், இதுதான் உள்ளுறை வெப்பம். 1761 வாக்குல கிளாஸ்கோவுல ஜோசப் பிளாக்ங்கிற விஞ்ஞானி கண்டுபிடிச்சது, ஐஸ் உருகும்போதும் தண்ணி கொதிக்கும்போதும் வெப்பத்தைக் குடுத்துக்கிட்டே இருந்தாலும் தெர்மாமீட்டர் அசையலையே, அந்த வெப்பம் எங்க ஒளிஞ்சுக்குதுன்னு யோசிச்சாரு. உங்க பானையில 10 லிட்டர் இருக்குன்னு வைங்க. 100 கிராம், அதாவது அரை டம்ளர் ஆவியானா 240 கிலோ ஜூல் போகுது. 10 லிட்டரை 1 டிகிரி குறைக்க 42 கிலோ ஜூல் போதும். அப்ப அரை டம்ளர் போனாலே கிட்டத்தட்ட 6 டிகிரி குறையணும். வெளியில இருந்து சூடு உள்ள வந்துகிட்டே இருக்கிறதால முழுசா அவ்ளோ குறையாது, போறதும் வர்றதும் சமமாகிற இடத்துல நிக்கும்.

அந்த இடம் எதுன்னு தீர்மானிக்கிறது காத்தோட ஈரப்பதம். 37 டிகிரியில ஒரு கன மீட்டர் காத்து சுமார் 44 கிராம் நீராவி தாங்கும். மதுரை மத்தியானம் ஈரப்பதம் 30 சதவீதம்னா 13 கிராம்தான் இருக்கு, இன்னும் 30 கிராமுக்கு இடம் கெடக்கு. சென்னையில 33 டிகிரி, 70 சதவீதம்னா தாங்கக்கூடியது 36, இருக்கிறது 25, பாக்கி 11 கிராமுக்குத்தான் இடம். அதோட ஈரக்காத்துல இருந்து மூலக்கூறு திரும்பவும் பானை மேல வந்து ஒட்டும், போன அளவுக்குத் திரும்பி வந்தா குளிர்ச்சி எங்க இருந்து வரும்?

தெர்மாமீட்டர் குமிழ்ல ஈரத்துணி சுத்தி விசிறினா ஒரு எண் காட்டும், ஈரக்குமிழ் வெப்பநிலைன்னு பேரு. மதுரை கணக்குக்கு அது சுமார் 24, சென்னை கணக்குக்கு 28. எப்பேர்ப்பட்ட பானையா இருந்தாலும் அதுக்குக் கீழ போகாது. உங்க பானை 30 காட்டுச்சே, அது நல்லாவே வேலை செய்யுதுங்க, தூக்கிப் போட்டுடாதீங்க.

வைகைக்கரை_அப்பா:
டீச்சர் ரொம்ப நன்றி, பொண்ணு நோட்டுல எழுதிக்கிட்டா. அவளுக்கு ஒரு டவுட். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த எவர்சில்வர் பாட்டிலும் வெளிய வேர்க்குதே, அதுவும் பானை வேர்க்கிறதும் ஒண்ணுதானா?

பிசிக்ஸ்_டீச்சர்_திருச்சி:
நேர் எதிர். கேட்டதுக்கு அவளுக்கு ஒரு சபாஷ். நான் வகுப்புல இதைச் சொல்லிக் காட்டுறதில்ல, தராசுல வச்சுக் காட்டுவேன். சமையலுக்கு மாவு எடை போடுற எலக்ட்ரானிக் தராசு இருந்தா போதும். மூடி இறுக்கின சில்லு பாட்டிலை நல்லா துடைச்சு தராசுல வைங்க, பத்து நிமிஷத்துல ரெண்டு மூணு கிராம் கூடும். கூடின எடை முழுக்க காத்துல இருந்து வந்த தண்ணி, பாட்டில் எங்கயும் ஒழுகல. சின்ன மண்குவளையில தண்ணி ஊத்தி வைங்க, எடை குறைஞ்சுக்கிட்டே போகும். ஒண்ணுல ஆவி தண்ணியாகுது, அதனால வெப்பத்தை விட்டுட்டுப் போகுது, பாட்டில் சீக்கிரம் சூடாகும். இன்னொண்ணுல தண்ணி ஆவியாகுது, வெப்பத்தை எடுத்துக்கிட்டுப் போகுது. எண்ணைக் கண்ணால பார்த்த பிள்ளைங்க பரீட்சையில மாத்தி எழுதுனதே இல்ல.

வேதியியல்_கோவை:
பானையோட வெளிப்பக்கம் வெள்ளையா பூத்திருக்கான்னு பாருங்க. சென்னையில போர் தண்ணின்னா நிச்சயம் இருக்குமுங்க. தண்ணி மட்டுந்தான் ஆவியாகும், அதுல கரைஞ்சிருந்த உப்பு பானையிலயே நின்னுடும். கடின நீர்ல கால்சியம் பைகார்பனேட் இருக்கும், தண்ணி போகப் போக அது கார்பன் டை ஆக்சைடை விட்டுட்டு கால்சியம் கார்பனேட்டா, சுண்ணாம்புக்கல்லா படியும். ஹீட்டர் காயில்ல படியறதும் அதேதான். அது துளையை அடைச்சா குளிர்ச்சி குறையும். எலுமிச்சம்பழத் தோலை வச்சுத் தேச்சீங்கன்னா சின்னதா நுரை வரும், அமிலம் கார்பனேட்டைக் கரைக்குது, வர்ற நுரை கார்பன் டை ஆக்சைடு. தேங்காய் நார் போட்டுத் தேய்ங்க. சோப்பு மட்டும் போட்டுடாதீங்க, துளைக்குள்ள போயி உக்காந்துக்கும், நாலு நாளைக்கு தண்ணி சோப்பு வாசம் அடிக்கும்.

இன்னொண்ணும் சொல்லணும். ஆவியாகுறது இயற்பியல் மாற்றம், குளிர வச்சா தண்ணி திரும்பக் கெடைக்கும். ஆனா அந்தப் பானை சூளையில வெந்தது வேதியியல் மாற்றம். பச்சைப் பானையில தண்ணி ஊத்தினா கரைஞ்சு சேறாயிடும். சூளையில 500, 600 டிகிரி தாண்டும்போது களிமண் கட்டமைப்புக்குள்ளயே இருக்கிற நீர் வெளியேறிடுது, அது ஈரம் இல்லீங்க, ஹைட்ராக்சில் தொகுதியா, அதாவது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடியா களிமண்ணோட பிணைஞ்சு கெடந்தது, அதுக்கப்புறம் திரும்பக் களிமண்ணாக்க முடியாது. செவப்பு நிறம் இரும்பு ஆக்சைடு. சூளையில ஆக்சிஜன் போகாத இடம் கறுப்பாயிடும். கீழடியில கெடைச்ச கறுப்பு சிவப்பு பானை ஓடு படம் பார்த்திருப்பீங்க, உள்பக்கமும் வாயோரமும் கறுப்பு, வெளிய செவப்பு. கவிழ்த்து வச்சு சுட்டதால உள்ள காத்து போகல, வெளிய போச்சு. ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம் ரெண்டும் ஒரே ஓட்டுல இருக்கு. எனக்கு அந்த ஓட்டைப் பார்க்குறப்ப எல்லாம் மனசு நெறைஞ்சுடும், ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தின குயவருக்கு எந்தப் பக்கம் காத்து போகணும்னு கைக்குத் தெரிஞ்சிருக்கு.

குயவர்_வீட்டுப்_பேரன்:
சார் இதைப் படிச்சதும் தாத்தா ஞாபகம் வந்துருச்சு. சூளை மேல வைக்கோலும் சேறும் போட்டு மூடி, எங்க ஓட்டை விடணும்னு அவருதான் கையால குத்திக் காட்டுவாரு.

நர்ஸ்_அக்கா:
பானைக்குச் சொன்னது எல்லாம் நம்ம உடம்புக்கும் பொருந்தும், அதைச் சொல்லத்தான் வந்தேன். நம்ம தோல்ல 20 லட்சத்துக்கு மேல வியர்வைச் சுரப்பி இருக்கு. வேர்க்கிறதால குளிர்றதில்ல, அந்த வேர்வை ஆவியாகுறதாலதான் குளிருது. 38 டிகிரி வறண்ட ஊரைத் தாங்குறவங்க 34 டிகிரி சென்னையில சொட்டச் சொட்ட நனைஞ்சு திணர்றது இதனாலதான், வேர்வை தட்டுல தேங்கின தண்ணி மாதிரி உடம்புல வழியுது, குளிர்ச்சி கொடுக்காம வீணாப் போகுது, உடம்புல இருந்த தண்ணியும் உப்பும் போனதுதான் மிச்சம். ஃபேன் போட்டா உடம்பை ஒட்டி நிக்கிற ஈரக்காத்து விலகுது, அதனால கொஞ்சம் ஆவியாகுது. ஈரக்குமிழ் 35ஐத் தொட்டா நல்ல ஆரோக்கியமான ஆளும் நிழல்ல சும்மா உக்காந்திருந்தாலும் ரொம்ப நேரம் தாங்க முடியாதுன்னு 2010ல ஆய்வுக் கட்டுரை வந்துச்சு. வயசானவங்க, வெயில்ல கட்டட வேலை பாக்குறவங்களுக்கு அதுக்கு ரொம்ப முன்னாடியே ஆபத்து. அதனால வெயில் எவ்ளோன்னு மட்டும் பார்க்காதீங்க, ஈரப்பதத்தையும் பாருங்க. நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கைத் தொங்க விட்டு மூச்சு வாங்கித்தான் ஆத்திக்கும், மொட்டை மாடியில கட்டிப் போட்டிருந்தா தயவுசெஞ்சு நிழலுக்குக் கொண்டு வாங்க.

அந்தத் தட்டுத் தண்ணியை ரெண்டு நாளைக்கு ஒருக்கா கொட்டித் தேய்ச்சுக் கழுவுங்க அண்ணா. டெங்கு கொசு நல்ல தண்ணியிலதான் முட்டை வைக்கும், ஒரு வாரம் பத்து நாள்ல கொசுவாப் பறந்துரும்.

பிளஸ்டூ_மாணவன்:
அக்கா, டீச்சர், எனக்கு ஒரு சந்தேகம். ஊசி போடுறதுக்கு முன்னாடி ஸ்பிரிட் தடவுனா தண்ணியை விட சில்லுன்னு இருக்கே. ஆனா ஸ்பிரிட்டோட உள்ளுறை வெப்பம் தண்ணியோடதுல பாதி கூட இல்லன்னு டேபிள்ல போட்டிருக்கு. அப்ப தண்ணிதானே அதிகமா குளிர்விக்கணும்?

பிசிக்ஸ்_டீச்சர்_திருச்சி:
தம்பி, ஒரு கிராமுக்கு எவ்ளோங்கிறது ஒண்ணு, ஒரு நொடிக்கு எத்தனை கிராம் போகுதுங்கிறது வேற. தண்ணி மூலக்கூறு ஒண்ணையொண்ணு ஹைட்ரஜன் பிணைப்பால இறுக்கமா பிடிச்சுக்கிட்டு இருக்கு, லேசுல விடாது. ஸ்பிரிட்ல இருக்கிற எத்தனாலும் அந்தப் பிணைப்பு உள்ளதுதான், ஆனா ஒரு மூலக்கூறுக்குக் கணக்கு பார்த்தா கம்மி. அதனால அதே வெப்பநிலையில எத்தனாலோட ஆவி அழுத்தம், அதாவது ஆவியா வெளியேறத் தள்ளுற அளவு, தண்ணியோடதைப் போல ரெண்டரை மடங்கு. சம்பளம் கம்மியா இருந்தாலும் ஆளு எக்கச்சக்கம்னா செலவு கூடும்ல, அது மாதிரி. அதுவுமில்லாம காத்துல எத்தனால் ஆவி ஏற்கனவே இல்ல, திரும்பி வந்து ஒட்ட எதுவுமே கிடையாது. சென்னையிலயும் ஸ்பிரிட் சில்லுன்னு இருக்கிறது அதனாலதான்.

கடலோரத்து_ஜியாக்ரபி:
எல்லாரும் பானையைப் பத்திப் பேசிட்டீங்க, அந்த ஈரக்காத்து எங்க இருந்து வருதுன்னு நான் சொல்றேன். 1 கிராமை 1 டிகிரி சூடாக்க வேண்டிய வெப்பத்துக்கு தன்வெப்ப ஏற்புத்திறன்னு பேரு, தண்ணிக்கு அது 4.2 ஜூல், காஞ்ச மண்ணுக்கும் பாறைக்கும் ஒண்ணு கூட இருக்காது. காலையில வெயில் ஏறினதும் தரை சுடுது, கடல் அசையாம இருக்கு. தரைக்கு மேல இருக்கிற காத்து சூடாகி மேல ஏற, அந்த இடத்துக்குக் கடல்ல இருந்து காத்து உள்ள வரும். கோடையில சென்னைக்கு மத்தியான வாக்குல வந்து சேரும். கடலுக்குக் கொஞ்சம் பக்கத்துல இருக்கிற நுங்கம்பாக்கத்தை விட உள்ள தள்ளி இருக்கிற மீனம்பாக்கத்துல பெரும்பாலும் வெயில் அளவு கூடக் காட்டுறது இதாலதான். கடல்காத்து வெயிலைக் குறைக்குது, ஆனா கையோட ஈரத்தையும் தூக்கிட்டு வருது. நீங்க இருக்கிறது திருவான்மியூரு, கடலுக்குப் பக்கத்துலயே.

நம்ம முன்னோர் கீழ்க்காத்துக்குக் கொண்டல்னும் மேல்காத்துக்குக் கோடைன்னும் சும்மா பேர் வைக்கல. மே மாசம் சில நாள் மேல்காத்து பலமா அடிச்சு கடல்காத்தை உள்ளயே விடாது, அன்னைக்குத்தான் சென்னை 40ஐத் தாண்டும். அந்தக் காத்து நிலத்து மேலயே வர்றதால காஞ்சு போயிருக்கும். எல்லாரும் வெயில் வெயில்னு அலறுற அந்த நாள்ல உங்க பானைத் தண்ணியை அளந்து பாருங்க. 33 டிகிரி நாள்ல இருந்ததை விட சில்லுன்னு இருக்கும்னு நான் சொல்றேன். பானையை அடுப்படியில வைக்காம ஜன்னல் நிழல்ல வைங்க, அடுப்படியில குக்கர் ஆவியே பாதி ஈரத்தை ஏத்திடும்.

மீன்பாடும்_ஊர்:
கடலோர அண்ணா சொல்றது சரிதான், நான் மட்டக்களப்பு. எங்கட பக்கம் அந்த மேல்காத்தை கச்சான் எண்டுதான் சொல்றது. தென்மேல் பருவக்காத்து நடு மலைநாட்டில மழையைக் கொட்டிப்போட்டு எங்கட பக்கம் இறங்கி வரும்போது காய்ஞ்சு சூடாகித்தான் வரும். கச்சான் வீசினா உதடெல்லாம் வெடிக்கும், காயப்போட்ட சீலை கொஞ்ச நேரத்தில காய்ஞ்சிடும். ஆனா மண்பானைத் தண்ணி அண்டைக்குத்தான் நல்ல குளிர். அம்மம்மா கச்சான் காலத்தில பானைக்கு ஈரச்சாக்கு சுத்தி விடுவா.

கடலோரத்து_ஜியாக்ரபி:
அருமை! மலையேறும்போது நீராவி மேகமாகி உள்ளுறை வெப்பத்தைக் காத்துக்கே திருப்பிக் குடுத்துடுது, மழையும் அந்தப் பக்கமே பெஞ்சுடுது, இறங்கும்போது காத்து அழுத்தப்பட்டு இன்னும் சூடாகுது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் நமக்கும் அதே கதைதான். பானையில இருந்து எடுத்துக்கிட்டுப் போன வெப்பத்தை ஆவி எங்கயாவது ஒரு மேகத்துல இறக்கி வைக்கும், மே மாசம் சாயங்காலம் இடி மின்னலோட கொட்டுற கோடை மழைக்கு பலமே அதுலதான் வருது.

வைகைக்கரை_அப்பா:
மூணு வாரம் கழிச்சு எழுதுறேன், மன்னிக்கணும். பானையை எலுமிச்சந்தோல் போட்டுத் தேச்சோம், கோவை சார் சொன்ன மாதிரியே நுரை வந்துச்சு, பொண்ணு காதை வச்சு கேட்டா, சொய்ங்னு சத்தம் வேற. இப்ப பால்கனி நிழல்ல முக்காலி மேல இருக்கு, தட்டைத் தினம் கழுவுறோம். இடம் மாத்தினதுல 30 இருந்தது 29 ஆச்சு, கடல்காத்து அடிக்கிற நாள்ல அதுக்குக் கீழ போகவே இல்ல.

நேத்து முந்தாநாள் ரெண்டு நாளும் மேல்காத்து, மூணு மணி வரைக்கும் கடல்காத்து வரவே இல்ல. கொடியில போட்ட துணி முறுக்கா காஞ்சுது. ரெண்டு மணிக்கு பொண்ணு அளந்தா, பால்கனி 40 டிகிரி, ஈரத்துணி சுத்தின தெர்மாமீட்டர் 26, பானைத் தண்ணி 27 அரை. தட்டுல ஒரு சொட்டு தண்ணி இல்ல. எங்க அம்மா மதுரையில இருந்து போன் பண்ணி சென்னையில 40ஆமே எப்படி இருக்கீங்கன்னு கேட்டாங்க, போனை வாங்கி பேத்தி சொல்றா, "அப்பத்தா, இன்னைக்குத்தான் நம்ம பானை மதுரை மாதிரி குளிருது"ன்னு.